வைக்காத பலகை

லோரிஸ் வேலை பார்த்த ஓடு ஆலையைப் பிப்ரவரி மாதமே பூட்டிவிட்டார்கள். இத்தாலியின் சஸ்ஸுவோலோ வட்டாரத்தில் நாய்க்குக்கூடத் தெரிந்த சங்கதி அது. கோடை விடுமுறைக்குப் போகும் கடற்கரை முகாமின் ஆறாம் வரிசையில் மட்டும் ஈ காக்கைக்கும் தெரியாது.

மகள் நோயெமி நடை பழகிய கோடையிலிருந்து அவர்கள் அந்த வரிசைக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். பைன் மரங்களுக்கு அடியில் ஒன்றையொன்று உரசினாற்போல் கேரவன்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கோடு போட்ட பந்தல். பந்தலுக்கும் பந்தலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் வரிசை முழுக்கப் பசிக்கும். ஒருவர் இருமினால் அடுத்த பந்தலிலிருந்து மாத்திரை வரும். அந்த வரிசைக்கு லோரிஸ்தான் நாட்டாமை மாதிரி. ஆகஸ்ட் பதினைந்து மாதா பண்டிகையன்று மத்தி மீன் சுடும் நெருப்பை அவன்தான் மூட்டுவான். அவன் கைபடாமல் ஒரு மீன்கூடத் தட்டுக்குப் போகாது.

ஏப்ரலில் லோரிஸின் பெண்டாட்டி மோரேனா, முகாமின் நிர்வாகி ஓம்ப்ரெத்தாவுக்குப் போன் போட்டு, இந்த வருஷம் இடம் வேண்டாம் என்றாள். மகளுக்குப் பரீட்சை, அம்மாவுக்கு இடுப்பு வலி என்று என்னென்னவோ அடுக்கினாள். ஓம்ப்ரெத்தா சாக்குப்போக்குகளைக் கேட்டே காது பழுத்தவள்.

"ஆலை மூடுனது பேப்பர்ல வந்துச்சு, மோரேனா. இடத்த விடாத. எனக்குக் கழுவ ஆள் இல்ல. கடைசில இருக்கிற நாலாம் கட்டடத்த நீ பாத்துக்க. இடத்துக்கு நீ ஒண்ணும் தர வேணாம். கைச்செலவுக்கும் கொஞ்சம் தரேன்."

நாலாம் கட்டடம் என்றால் நாலாம் கழிப்பறைக் கட்டடம். லோரிஸ் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யோசித்தான். பிறகு சவரம் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான்: "சரி. ஆனா வரிசைல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

நோயெமி மொதெனா நகரில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் கோடை வேலைக்கு நின்றுகொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் ஜூன் கடைசியில் வந்து பந்தல் கட்டினார்கள்.

விடியும்போதே மோரேனா கடற்கரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பைக்குள் துண்டுக்கு அடியில் நீல ஏப்ரன், ரப்பர் கையுறை. மணல் மேட்டுப் பாதையில் இறங்கி, கடலோரமாகவே நடந்து, முகாமின் மறுகோடியில் ஏறுவாள். அங்கே டச்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் கூடாரம் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு அவள் யாரோ. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று வரிசையில் சொல்லியாயிற்று.

"எப்படி இளைச்சுட்ட பாரு" என்பாள் பக்கத்துப் பந்தல் இவானா, தன் வயிற்றை ஒரு கையால் பிடித்துக் காட்டி. "நாளைக்கு நானும் வரேன். என்னையும் எழுப்பு."

"உனக்கு முட்டி வலிக்கும், இவானா."

"மணல்ல நடந்தா முட்டிக்கு நல்லதாம்."

"நான் பேசாம நடக்கிறவ. உன்னால அது முடியுமா?"

இவானாவின் புருஷன் வால்தேர் காப்பிக் கோப்பையோடு சிரித்தான். "அதோட நின்னுச்சு. பேசாம இருக்கணும்னா இவ சொர்க்கத்துக்குக்கூட வர மாட்டா."

வேலை ஒன்றும் மோரேனாவுக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். குளியலறைச் சல்லடைகளில் தலைமுடியும் மணலும் சேர்ந்து பூனைக்குட்டி அளவுக்குத் திரண்டிருக்கும். கம்பியால் இழுத்தால் முழுசாக வரும். கண்ணாடிகளில் பற்பசைத் தெறிப்பு. பாத்திரம் கழுவும் தொட்டியில் எவளாவது குழந்தைக்குக் கால் கழுவிவிட்டுப் போயிருப்பாள். பிளீச்சிங் நெடியும், அடுத்த கூடாரத்துக் கொசுவத்திப் புகையும், பைன் பிசின் வாசனையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்காரும். இதிலெல்லாம் அவளுக்கு வெட்கம் இல்லை. முதல் வாரம் வரைக்கும் இல்லை. ஆனால் வெட்கமும் ஒட்டுவாரொட்டிதான். தினமும் ஒருவன் உன்னை ஒளித்து வைத்தால், ஒளித்து வைக்க வேண்டிய ஏதோ ஒன்று உன்னிடம் இருக்கிறது என்று நீயே நம்பத் தொடங்கிவிடுவாய். ஜூலை நடுவில், கையை எலுமிச்சைத் தோலால் தேய்க்காமல் அவள் வரிசைக்குள் நுழைவதில்லை என்றாகிவிட்டது.

ஆறாம் வரிசைக்கு நேர் எதிரே இருப்பது இரண்டாம் கட்டடம். அது வியோரிக்காவின் பொறுப்பு. மல்தோவாக்காரி. எலும்பும் தோலுமாக நெடுநெடுவென்று இருப்பாள். மகனை ஊரில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். காலை வேலை முடிந்ததும் இருவரும் நாலாம் கட்டடத்தின் பின்னால் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வியோரிக்கா டப்பாவில் ஆறிப்போன சோளக்களியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் கொண்டுவருவாள். மோரேனா பீச் பழம் அறுப்பாள்.

"உங்க களியும் எங்க களியும் ஒண்ணுதான்" என்பாள் வியோரிக்கா. "நாங்க இல்லாததால தின்னோம். நீங்க இப்ப ஆசைக்குத் திங்கிறீங்க."

"நாங்களும் இல்லாததாலதான் தின்னோம். மறந்துட்டோம்."

"உன் புருஷன் மறக்கலபோல. அதான் பயப்படுறான்."

மோரேனா சிரித்தாள். அந்தக் கோடையில் அவள் பொய் சொல்லாமல் பேசிய ஒரே ஆள் வியோரிக்காதான்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெயில் பாழாய்ப் பிடித்துக்கொண்டது. காற்று செத்துக் கிடந்தது. மத்தியான ஓய்வு நேரத்தில் முகாமுக்குள் கார் ஓடக் கூடாது, ரேடியோ பாடக் கூடாது. சிள்வண்டுகள் மட்டும் மரத்துக்கு மரம் அறுத்துக்கொண்டிருந்தன. வியோரிக்கா மூச்சிரைக்க நாலாம் கட்டடத்துக்கு வந்தாள்.

"மோரேனா, ஒரு அரை மணி நேரம் என் கட்டடத்தப் பாத்துக்கறியா? எங்க ஊருக்குச் சாமான் கொண்டுபோற வேன் இன்னைக்கு மெயின் ரோட்டோடயே போயிடுமாம், உள்ள வராதாம். பையனுக்கு ஸ்கூல் பையும் ஷூவும் அனுப்பணும். இத விட்டா அடுத்த ஞாயிறுதான். தரைய மட்டும் ஒரு தடவ துடைச்சு விட்டுடு."

"அது என் வரிசைக்கு எதிர்ல இருக்கே."

"எல்லாரும் தூங்குறாங்க. உன்ன யாரு பாக்கப் போறா?"

மறுக்க மனம் வரவில்லை. மோரேனா பின்வாசல் வழியாக உள்ளே போனாள். சோப்பு நீரை ஊற்றி உள்பக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். தரை கண்ணாடியாய் மின்னியது. முன்வாசல் படியில் 'ஈரம், வழுக்கும்' என்ற மஞ்சள் பலகையை வைக்க வேண்டும். துடைக்கத் தொடங்கும் முன்பே வைத்திருக்க வேண்டும். வைப்பதென்றால் வெளியே ஒரு எட்டு வைத்து, வெயிலில் குனிந்து நிற்க வேண்டும். அங்கிருந்து அவர்கள் பந்தல் தெரிந்தது. லோரிஸ் சாய்வு நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். வால்தேரின் பந்தலுக்குள் யாரோ புரண்டது போலிருந்தது. அவள் பலகையைச் சுவரிலேயே சாத்தி வைத்தாள். ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

அப்போது இவானாவின் மரச்செருப்புச் சத்தமும் பேத்தியிடம் அவள் பேசும் குரலும் கேட்டன. "ஓடாத, ஜாடா, ஓடாத. ஒரு நிமிஷம் அடக்கிக்கோடா செல்லம்."

மோரேனா வாளியைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னக் கால்கள் ஓடிவந்தன. பிறகு ஒரு வழுக்கல், தொட்டியின் விளிம்பில் ஏதோ மோதும் சத்தம். அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதிதான் பின்னாட்களில் மோரேனாவை உலுக்கி எழுப்பியது. பிறகு குழந்தை வீரிட்டது.

கை தானாக ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தது. அதைச் சுருட்டி வாளிக்குள் திணித்துவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, பந்தலிலிருந்து ஓடிவருகிறவளைப் போல முன்வாசலுக்கு வந்தாள். இவானா தரையில் உட்கார்ந்து பேத்தியை மடியில் போட்டிருந்தாள். ஆறு வயசுக் குழந்தை. தாடை பிளந்து ரத்தம். இடது கை இருக்கக் கூடாத விதமாக மடங்கியிருந்தது.

"மோரேனா, கடவுள்தான் உன்ன அனுப்புனாரு. புடி இவள. நான் போய் வால்தேர எழுப்புறேன்."

மோரேனா குழந்தையை வாங்கிக்கொண்டாள். தன் துண்டால் தாடையை அழுத்தினாள். "ஒண்ணும் இல்லடா, அத்தை இருக்கேன்" என்றாள். ஈரத் தரையின் சோப்பு வாசனை அவள் கையிலேயே அடித்தது.

வால்தேர் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மாலையில் கட்டுப் போட்ட கையோடும் தாடையில் தையலோடும் அழைத்து வந்து படுக்கவைத்துவிட்டு, நேரே இரண்டாம் கட்டடத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தான். பாதி முகாம் கூடிவிட்டது. ஓம்ப்ரெத்தா வந்தாள். வியோரிக்காவையும் கூப்பிட்டார்கள்.

"பலகை வச்சியா?" என்று கேட்டாள் ஓம்ப்ரெத்தா.

வியோரிக்கா சுவரில் சாத்தியிருந்த மஞ்சள் பலகையைப் பார்த்தாள்.

"கேக்குறாங்கல்ல, பலகை வச்சியா இல்லையா?" என்றான் வால்தேர். "குழந்த எலும்பு ரெண்டா போயிருக்கு. தலை மோதியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

லோரிஸும் அங்கே நின்றிருந்தான். நெஞ்சை நிமிர்த்தி, வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிற குரலில் சொன்னான்: "ஒரு பலகை. அத எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? செய்ற வேலைல கவனம் வேணும்மா."

வியோரிக்கா அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்ற மோரேனாவைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில், வர வேண்டிய பஸ்ஸை எட்டிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். மோரேனா தன் செருப்பில் ஒட்டியிருந்த பைன் ஊசிகளைப் பார்த்தாள்.

"வைக்கல" என்றாள் வியோரிக்கா.

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. இவானா வந்து மோரேனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் ஓடி வரலன்னா எனக்கு என்ன ஆகியிருக்கும்னே தெரியல."

முகாமில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட வேண்டுமென்றால் காருக்குத்தான் போக வேண்டும். கேரவன் சுவர் அப்பளம் மாதிரி. ரொட்டி வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். லோரிஸ் வாய்க்கால் ஓரம் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். உள்ளே சூளை போல் வெந்தது. மோரேனா ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டான்.

"நான் வேற பேசிட்டேன்" என்றான் கடைசியில். "அவ மூஞ்சிக்கு நேரா."

"உனக்குத் தெரியாதுல்ல."

"இப்பத் தெரியுதே."

"திரும்பு. ஓம்ப்ரெத்தாகிட்டப் போறேன்."

அவன் வண்டியை எடுக்கவில்லை. வாய்க்காலில் ஒருவன் வலை இறக்கிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான். "மோரே, புதன்கிழமை பண்டிகை. அது முடியட்டும். அப்புறம் சொல்லு. நானே கூட வரேன். வால்தேர் என் தோள்ல கை போட்டு உக்காருற ஆள். அவன் பேத்தி கைய ஒடிச்சது நாமதான்னு... நாம இங்க ஓசில இருக்கோம்னு, நீ அவங்க கக்கூஸ கழுவுறேன்னு, எல்லாம் ஒரே மூச்சுல எப்படிச் சொல்றது?"

"அந்தப் பொம்பளைக்கு வேலை போயிடும்."

"அவளுக்கு இது பழக்கம். வேற இடம் பாத்துக்குவா." சொல்லி வாய் மூடவில்லை, அவன் முகம் சுருங்கிவிட்டது. "நான் இப்படிப் பேசுறவன் இல்ல, மோரே. உனக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள் அவள். தெரியும்தான். அவன் பக்கத்துச் சூளைக்காரனுக்காகச் சம்பளத்தை விட்டு வேலைநிறுத்தத்தில் நின்றவன். அதனால்தான் அவளால் கத்தக்கூட முடியவில்லை. இருவரும் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். திரும்பும்போது அலுவலகத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கார் நிற்கவில்லை. நிறுத்து என்று அவளும் சொல்லவில்லை. இருட்டியதும் வியோரிக்காவை அனுப்பிவிட்டார்கள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கடலோரமாகப் போகாமல், முகாமின் நடுப்பாதையில் அவள் நாலாம் கட்டடத்துக்குப் போனாள். வாளிக்குள் விட்டுவந்த ஏப்ரன் அங்கே மாட்டியிருந்தது; அதைக் கட்டிக்கொண்டே அலுவலகத்துக்கு வந்தாள். ஓம்ப்ரெத்தா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"சின்யோரா, நேத்து அந்தத் தரைய துடைச்சது நான். பலகை வைக்காதது நான்தான்."

"தெரியும்."

ஓம்ப்ரெத்தா மோரேனாவின் ஏப்ரனைக் கையால் காட்டினாள்.

"உன் ஏப்ரன் ரெண்டாம் கட்டடத்து வாளில கிடந்துச்சு. உன்னோடது மட்டும்தான் முன்னாடி கிழிஞ்சு தச்சது." ஓம்ப்ரெத்தா கோப்பையை வைத்தாள். "நான்தான் எடுத்துட்டுப் போய் நாலாம் கட்டடத்துல மாட்டினேன்."

"தெரிஞ்சுமா அவள அனுப்புனீங்க?"

"அவ வேலை நேரத்துல வெளிய போனா. அது தப்புதானே? வால்தேருக்கு ஒரு தலை வேணும். ஒரு தலைய குடுத்தேன். உன்னையும் சேத்து அனுப்பிட்டு பண்டிகைக்கு யார வச்சுக் கழுவுவேன், சொல்லு. முகாம் நெறஞ்சு வழியுது." குரலைத் தாழ்த்தினாள். "மனசுல வச்சுக்காத. இன்னைலேர்ந்து ரெண்டாம் கட்டடத்தயும் நீயே பாத்துக்க."

குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவளுக்குக் கூடுதலாக ஒரு கட்டடம் கிடைத்தது. வியோரிக்காவின் அறைக்குப் போய்ப் பார்த்தாள். படுக்கை உறையை மடித்து வைத்துவிட்டு, தரையைக்கூடத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மோரேனா இரண்டாம் கட்டடத்தை வெளிச்சத்தில் கழுவினாள். பல் விளக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவானா துண்டும் பிரஷ்ஷுமாக வந்து வாசலில் நின்றாள்.

"ஐயோ, உன்னையா உதவிக்குக் கூப்பிட்டாங்க? உனக்கு எவ்வளவு நல்ல மனசுடி. அந்தப் பொம்பள பண்ணுன கூத்துக்கு நீ வந்து..."

"இவானா, நான் சம்பளத்துக்குத்தான் கழுவுறேன். ஜூன்லேர்ந்து. நேத்தும் நான்தான் கழுவுனேன். நீங்க வர்ற சத்தம் கேட்டு அந்த அறைக்குள்ள ஒளிஞ்சேன்."

இவானாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. சாமான் அறைக் கதவைப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பைப் பார்த்தாள். பிறகு மோரேனாவின் கைகளைப் பார்த்தாள்.

"நான் குழந்தைய உன் கைலதான் குடுத்தேன்" என்றாள்.

பல் விளக்காமலே திரும்பிப் போனாள். மத்தியானத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. வால்தேர் தன் பந்தலில் மோரேனா பக்கம் இருந்த திரையை இறக்கிவிட்டான். அத்தனை வெயிலிலும் அது இறங்கியே இருந்தது.

லோரிஸ் இரண்டு நாள் கேரவனுக்கு வெளியே வரவில்லை. கடலுக்கும் போகவில்லை. உள்ளே வியர்த்து வழிந்துகொண்டு சீட்டுக்கட்டை அடுக்கிக் கலைத்து அடுக்கினான். மோரேனா தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வான். ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டான்: "சொல்லிட்டேல்ல. மனசு ஆறிச்சா?"

"இல்ல" என்றாள்.

பண்டிகையன்று காலையிலேயே கடற்கரையில் வாண்டுகள் தண்ணீர் பலூன் எறிந்துகொண்டு ஓடினார்கள். தர்பூசணி லாரி ஒலிபெருக்கியோடு வந்தது. ஆறாம் வரிசையில் மேசைகளை ஒன்றுசேர்த்து நீளமாகப் போட்டார்கள். வேறு யாரோ நெருப்பு மூட்டினார்கள். புகை சரியாக எழும்பாமல் தரையோடு படர்ந்து வந்தது. லோரிஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தான். வேலையை முடித்துவிட்டு வந்த மோரேனா, துறைமுகத்து மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வியோரிக்கா வேலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டேன், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். பண்டிகை நாளில் பஸ் கிடையாது. லோரிஸ் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

கடையின் பின்கட்டில் வியோரிக்கா மூட்டை மூட்டையாகச் சிப்பிகளைக் கொட்டி, அவற்றின் நார்த்தாடியைப் பிய்த்து, சுரண்டிக்கொண்டிருந்தாள். மோரேனாவைப் பார்த்ததும் கத்தியை வைக்கவில்லை.

"ஓம்ப்ரெத்தாகிட்ட சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள் மோரேனா.

"எப்ப?"

"மறுநாள் காலைல."

வியோரிக்கா ஒரு சிப்பியைச் சுரண்டி முடித்துக் கூடையில் போட்டாள். "இருட்டுற வரைக்கும் மெதுவாத்தான் பெட்டி கட்டுனேன். ஒவ்வொரு துணியா மடிச்சேன். நீ வருவேன்னு. உன் பேர நான் சொல்லக் கூடாது, நீயேதான் சொல்லணும்னு இருந்தேன்."

"காருல அந்தப் பக்கமாத்தான் போனோம். விளக்கு எரிஞ்சுது. நிக்கல."

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வியோரிக்கா தலையசைத்தாள். மன்னித்த தலையசைப்பு இல்லை அது. கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரி.

"கடைக்காரம்மாகிட்ட சொல்லு. ஓம்ப்ரெத்தா போன்ல என்ன பத்தி என்னமோ சொல்லியிருக்கா. சீசனுக்கு வச்சுக்கலாமா, நாளைக்கே அனுப்பிடலாமான்னு யோசிக்குது அந்தம்மா."

மோரேனா முன்கட்டுக்குப் போனாள். பண்டிகைச் சாப்பாட்டுக்கு வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். முகாமில் பார்த்த முகங்களும் அதில் இருந்தன. கல்லாவில் இருந்த அம்மாவிடம், எல்லோர் காதிலும் விழும்படி, தான் யார், என்ன வேலை செய்கிறவள், யாருடைய தப்புக்கு யார் பழி சுமந்தது என்று சொன்னாள். அந்த அம்மா பில்லைக் கிழித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "சரி, சிப்பி சுரண்டத் தெரிஞ்சவளா இருந்தா எனக்குப் போதும். வழிய விடு" என்றாள்.

திரும்பிப் பின்கட்டுக்கு வந்தபோது வியோரிக்கா அடுத்த மூட்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். நன்றி என்று எதுவும் வரவில்லை. கிளம்பப் போனவளை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புள்ளைக்குக் கை எப்படி இருக்கு?"

மோரேனா யோசித்துப் பார்த்தாள். ஓம்ப்ரெத்தாவிடம் பேசினாள், இவானாவிடம் பேசினாள், லோரிஸிடம் பேசினாள். மூன்று நாளும் தன்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். திரை இறங்கியது பற்றி நினைத்தாள். திரைக்குப் பின்னால் படுத்திருப்பவளைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை.

"தெரியல" என்றாள். அந்தக் கோடையில் அவளுக்கு மிகவும் கேவலமாக இருந்தது அந்த ஒரு சொல்தான்.

காரில் அவள் அழுதாள். லோரிஸ் என்னவென்று கேட்டான். சொன்னாள். அவனும் யோசித்துப் பார்த்துவிட்டு, "நானும் கேக்கல" என்றான்.

அவர்கள் வரும்போது பந்தி நடந்துகொண்டிருந்தது. மேசை நெடுக மீன் முள்ளும் ரொட்டித் துண்டுகளும் ஒயின் குடுவைகளும். மோரேனா நேராக மேசைக்குப் போனாள். பேச்சு ஒவ்வொரு நாற்காலியாக அணைந்துகொண்டு வந்தது. இவானா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். ஜாடா மேசையின் மறுகோடியில், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தர்பூசணி விதைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மோரேனா அவள் பக்கத்தில் மணலில் குந்தினாள். "ஜாடா, கை எப்படிடா இருக்கு?"

குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. "அத்தை, நீங்கதான் தரைல தண்ணி ஊத்துனீங்களா?"

"ஆமா."

"பாட்டி சொன்னாங்க. ஏன் பலகை வைக்கல?"

"நான் கழுவுறத யாரும் பாத்துடக் கூடாதுன்னு."

"ஏன்?"

அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி மோரேனாவுடையது இல்லை. வால்தேர் குடுவையின் கழுத்தைப் பிடித்தபடியே இருந்தான்.

அவளுக்குப் பின்னாலிருந்து லோரிஸ் சொன்னான். நாட்டாமைக் குரல் இல்லை அது. ஆலை வாசலில் கடைசி நாள் பேசிய குரல்.

"நான்தான் மறைக்கச் சொன்னேன், ஜாடா. எனக்கு வேலை போயிடுச்சு. பிப்ரவரிலயே போயிடுச்சு. அது உங்க தாத்தாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அத்தைய ஒளிச்சு வச்சேன்."

வால்தேர் நிமிர்ந்து பார்த்தான். "பிப்ரவரியா? அப்ப இந்தக் கோடை பூரா எங்களுக்கு ஒயின் ஊத்துனியேடா."

லோரிஸ் தொங்கிப்போன கைகளோடு நின்றான். வால்தேர் தன் முன்னால் இருந்த தம்ளரைப் பார்த்தான், குடிக்காமல் தள்ளி வைத்தான். உட்காரு என்று ஒருவரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நெருப்பில் யாரும் திருப்பாத மீன்கள் கருகும் வாசனை வந்தது.

ஜாடாவுக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. தன்னிடம் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முறை தனக்கு இன்னும் இருக்கிறது என்பதுபோல, கட்டுக்குள் ஒரு விரலை நுழைக்கப் பார்த்தபடி மோரேனாவிடம் சொன்னாள்:

"ராத்திரி வலிக்குது, அத்தை. ஆனா வலியவிட அரிக்கிறதுதான் ஜாஸ்தி. சொறியவே முடியல."